ஒரே எண்ணில் இரு கணினிகள்: வலையமைப்பு முகவரி மோதலின் வரலாறு

ஒரு வலையமைப்பில் இணைந்துள்ள ஒவ்வொரு கருவிக்கும் தனக்கே உரிய ஓர் எண் வேண்டும் என்பதும், அதே எண்ணை அந்த வலையமைப்பில் மற்றொரு கருவி வைத்திருக்கக் கூடாது என்பதும் இணையத் தொழில்நுட்பத்தின் அடித்தள விதி. இணைய நெறிமுறை முகவரி என்றும், சுருக்கமாக ஐபி முகவரி என்றும் அழைக்கப்படும் இந்த எண், வீட்டு ரௌட்டரோடு சேர்ந்த கைப்பேசிக்கும், அலுவலக மூலையில் நிற்கும் பிரிண்டருக்கும், தரவு மையத்தில் இயங்கும் சர்வருக்கும் ஒன்றுபோலவே தேவைப்படுகிறது. இந்த விதி மீறப்பட்டு இரு கருவிகள் ஒரே எண்ணோடு இயங்கும் நிலையை முகவரி மோதல் என்பர். மோதலில் சிக்கிய பிரிண்டர் காலையில் வேலை செய்து நண்பகலில் காணாமற்போவதும், கணினித் திரையில் திடீரென எச்சரிக்கை தோன்றுவதும், இணைப்பு இருப்பதாகக் காட்டிக்கொண்டே இணையம் நின்றுவிடுவதும் கணினிப் பராமரிப்பாளர்களுக்குப் பழகிப்போன அறிகுறிகள்.

இந்தக் கோளாறு யாரோ ஒருவரின் கவனக்குறைவால் விளைவதாகவே பொதுவாகக் கருதப்படுகிறது. ஆயினும் அதன் வரலாற்றைப் பின்தொடர்ந்தால், ஓர் இடத்தின் எண்ணாக இருந்த முகவரி ஒரு பொருளின் எண்ணாக மாறியபோதுதான் மோதலுக்கு வழி பிறந்தது என்பதும், அதன் பின் வந்த ஒவ்வொரு தீர்வும் எண் வழங்கும் அதிகாரத்தைப் புதிய கைக்கு மாற்றியபோதிலும் பழைய கையை முழுவதும் விலக்கவில்லை என்பதும் தெரியவருகின்றன. இன்று வீடுகளிலும் அலுவலகங்களிலும் நேரும் மோதல்களில் பெரும்பாலானவை, வெவ்வேறு காலத்தில் தோன்றிய இரண்டு வழங்கல் முறைகள் ஒரே கூரையின்கீழ் குடியிருப்பதால் எழுபவை.

போர்ட்டே முகவரியாக இருந்த காலம்

இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட், 1969ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் நான்கு ஆய்வு மையங்களை இணைத்து இயங்கத் தொடங்கியது. லாஸ் ஏஞ்சலிஸ், சாண்டா பார்பரா ஆகிய இரு ஊர்களின் கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகங்களும், ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனமும், யூட்டா பல்கலைக்கழகமும் அந்த நான்கு மையங்கள். அங்கிருந்த பெரிய கணினிகள் ஒன்றோடொன்று நேரடியாகப் பேசவில்லை. ஒவ்வொரு மையத்திலும் ஐஎம்பி எனப்பட்ட இடைமுகக் கணினி ஒன்று நிறுவப்பட்டது. பெரிய கணினி அதன் போர்ட்டில், அதாவது கம்பி செருகும் வாயில், இணைக்கப்பட்டது. செய்திகளைத் தொலைவுக்கு எடுத்துச் செல்லும் பணியை ஐஎம்பிக்கள் தமக்குள் பார்த்துக்கொண்டன.

அந்த வலையமைப்பின் முகவரி 8 பிட் நீளமுடையது. அதில் 6 பிட் எந்த ஐஎம்பி என்பதையும், மீதி 2 பிட் அந்த ஐஎம்பியின் நான்கு போர்ட்டுகளில் எது என்பதையும் குறித்தன. ஆகவே முகவரி கணினிக்கு உரியதாக இல்லை. கணினி செருகப்பட்டிருந்த வாய்க்கு உரியதாக இருந்தது. ஒரு வாயில் ஒரு கம்பிதான் நுழையும் என்பதால், இரண்டு கணினிகள் ஒரே முகவரியைப் பெறுவதற்கு அந்த அமைப்பில் இடமே இருக்கவில்லை. கணினியைக் கழற்றி வேறு போர்ட்டில் மாட்டினால் அதன் எண் மாறிவிடும். பழைய போர்ட்டில் மற்றொன்றை மாட்டினால் பழைய எண் அதற்குச் சேரும்.

அக்காலத்தில் குழப்பம் நேர வாய்ப்பிருந்தது பெயர்களில்தான். எந்தப் பெயர் எந்த எண்ணைக் குறிக்கிறது என்ற பட்டியலை ஒவ்வொரு மையமும் தனக்குத் தோன்றியபடி வைத்திருந்ததால், 1970களின் தொடக்கத்தில் அதை ஒழுங்குபடுத்தும் முயற்சிகள் எழுந்தன. பின்னர் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லர் தலைமையில் இயங்கிய தகவல் மையம் அந்தப் பட்டியலை ஒரே கோப்பாகப் பேணி எல்லோருக்கும் வழங்கியது. நெறிமுறைகளுக்குத் தேவையான பிற எண்களுக்கும் ஒரு கணக்காளர் வேண்டும் என்ற யோசனையை 1972இல் முன்வைத்த ஜான் போஸ்டல், அந்தப் பொறுப்பைத் தாமே ஏற்று, 1998இல் இறக்கும்வரை வகித்தார். எண்களின் தனித்தன்மையை முதலில் கம்பியும், அடுத்து ஒரு மனிதரின் பதிவேடும் காத்தன என்று இந்தத் தொடக்கக் காலத்தைச் சுருக்கலாம்.

பொதுக் கம்பியின் வருகை

இந்த ஏற்பாட்டைக் கலைத்தது ஈதர்நெட். ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் ராபர்ட் மெட்காஃப் 1973இல் வகுத்த இந்த முறையில், ஒரே கோஆக்ஸியல் கேபிளில் எல்லாக் கணினிகளும் வரிசையாகத் தொற்றிக்கொண்டன. ஒன்று அனுப்பும் செய்தி எல்லாவற்றின் காதிலும் விழும். தனக்கு உரியதை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவது ஒவ்வொரு கணினியின் பொறுப்பு. கேபிளின் எந்தப் புள்ளிக்கும் தனி எண் கிடையாது என்பதால், இடத்தைக் கொண்டு கணினியை அடையாளம் காணும் வழி அங்கே இல்லாமற்போயிற்று. முகவரியைக் கணினியே சுமக்க வேண்டியதாயிற்று.

சோதனைக் கால ஈதர்நெட்டின் முகவரியும் 8 பிட் நீளமுடையதே. ஜெராக்ஸின் ஆல்டோ கணினிகளில் அந்த எண், கணினியின் பின்தளப் பலகையில் கம்பிகளை இணைத்து அமைக்கப்பட்டது. கையால் அமைக்கப்படும் எண்ணை இரண்டு கைகள் ஒன்றுபோலவே அமைத்துவிட முடியும் என்பதால், மோதல் முதன்முறையாக நடைமுறைச் சாத்தியமாகியது. 1970களின் பிற்பகுதியில் டேட்டாபாயின்ட் நிறுவனம் வெளியிட்ட ஆர்க்நெட் என்னும் வலையமைப்பிலும் இதே நிலைதான். அதன் அட்டையிலிருந்த சிறு சுவிட்சுகளை மேலும் கீழும் தள்ளி ஓர் எண்ணை அமைக்க வேண்டியிருந்ததால், எந்த மேசையில் எந்த எண் என்ற குறிப்பேடு பராமரிப்பாளரின் கையை விட்டு அகலவில்லை.

டிஜிட்டல், இன்டெல், ஜெராக்ஸ் ஆகிய மூன்று நிறுவனங்களும் இணைந்து 1980இல் வெளியிட்ட ஈதர்நெட் தரம் இதற்கு ஒரு துணிச்சலான விடையைத் தந்தது. முகவரி 48 பிட்டாக நீட்டப்பட்டு, அதன் முதற்பாதி உற்பத்தியாளருக்கும் மறுபாதி அவர் செய்யும் ஒவ்வோர் அட்டைக்கும் உரியது என்று வகுக்கப்பட்டது. இந்த எண்ணமைப்பின் நியாயத்தை ஜெராக்ஸில் பணியாற்றிய யோகன் தலால், ராபர்ட் பிரின்டிஸ் ஆகியோர் 1981இல் ஒரு கட்டுரையாக விளக்கினர். உலகின் எந்த மூலையில் எந்த வலையமைப்பில் செருகினாலும் மாறாத அந்த எண், பின்னாளில் மேக் முகவரி என்ற பெயரில் பரவியது. ஜெராக்ஸின் சொந்த நெறிமுறைகளும் அவற்றைப் பின்பற்றிய நாவெல் நிறுவனத்தின் நெறிமுறையும் இந்த 48 பிட் எண்ணையே தம் முகவரியின் ஒரு பகுதியாக எடுத்துக்கொண்டதால், அவற்றில் முகவரி மோதல் ஒரு பெரிய தொல்லையாக வளரவில்லை.

இணைய நெறிமுறைக்கு அந்த வசதி கிட்டவில்லை. 1981 செப்டம்பரில் வெளியான அதன் வரையறை முகவரியை 32 பிட்டாக நிலைநிறுத்தியிருந்தது. அதில் அமையக்கூடிய எண்கள் சுமார் 429 கோடி. 48 பிட் எண்ணை 32 பிட் இடத்தில் அடக்க வழியில்லை. ஆகவே, ஒரே கணினி இரண்டு எண்களோடு வாழ வேண்டியதாயிற்று: ஒன்று தொழிற்சாலையில் பிறப்போடு பொறிக்கப்பட்டது, மற்றொன்று சேர்ந்த வலையமைப்பில் யாரோ ஒருவர் வழங்கியது. முகவரி மோதலின் வேர் இந்த இரட்டை எண்ணில்தான் உள்ளது.

உரக்கக் கேட்கும் நெறிமுறை

இரண்டு எண்களையும் பொருத்திப் பார்க்கும் வழியை மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த டேவிட் பிளம்மர் 1982 நவம்பரில் எழுதினார். இணையத் தரங்கள் வெளியிடப்படும் ஆர்எஃப்சி ஆவண வரிசையில் 826ஆம் எண்ணைப் பெற்ற அந்த நெறிமுறைக்கு முகவரி கண்டறியும் நெறிமுறை என்று பெயர். வழக்கில் அது ஏஆர்பி எனப்படுகிறது. அதன் செயல்முறை, நிரம்பிய கூடத்தில் ஒருவர் எழுந்து நின்று பெயர் சொல்லி அழைப்பதைப் போன்றது. ஒரு கணினி 192.168.1.50 என்ற முகவரிக்குச் செய்தி அனுப்ப விரும்பினால், அந்த முகவரி யாருடையது என்ற கேள்வியை அதே கேபிளில் உள்ள எல்லோருக்கும் அனுப்பும். உரிய கணினி மட்டும் தன் 48 பிட் எண்ணைச் சொல்லிப் பதிலளிக்கும். கேட்ட கணினி அந்தப் பதிலைத் தன் நினைவக அட்டவணையில் சிறிது நேரம் குறித்து வைத்துக்கொள்ளும்.

பதிலளிப்பவர் உண்மையே சொல்கிறார் என்றும், ஒருவர்தான் பதிலளிப்பார் என்றும் இந்த நெறிமுறை நம்பியது. அந்த நம்பிக்கை பொய்த்தால் நடப்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். பிரிண்டர் ஒன்றும் மடிக்கணினி ஒன்றும் 192.168.1.50 என்ற எண்ணோடு இருப்பதாகக் கொண்டால், கேள்விக்கு இரண்டு பதில்கள் வரும். பொதுவாகப் பிந்தி வந்த பதில் முந்தையதன் மேல் எழுதப்படும் என்பதால், கணக்குப் பிரிவின் கணினி தன் அட்டவணையில் பிரிண்டரையும், அடுத்த அறையின் கணினி மடிக்கணினியையும் குறித்துக்கொள்ளக்கூடும். முதல் கணினியிலிருந்து தாள் அச்சாகும். இரண்டாவதிலிருந்து அனுப்பிய பக்கங்கள், அவற்றை என்ன செய்வதென்று அறியாத மடிக்கணினியிடம் போய்ச் சேர்ந்து வீணாகும். சில நிமிடங்களில் அட்டவணைக் குறிப்புகள் காலாவதியாகி மீண்டும் கேள்வி கேட்கப்படும்போது நிலைமை தலைகீழாகலாம். பிரிண்டர் விட்டுவிட்டு வேலை செய்கிறது என்ற புகாரின் பின்னால் நிற்பது பல வேளைகளில் இந்த இரட்டைப் பதில்தான். பிரிண்டரைக் கழற்றிப் பார்ப்பவர் அதில் எந்தப் பழுதையும் காண்பதில்லை.

1982ஆம் ஆண்டு ஆவணத்தில் இரட்டைப் பதிலைக் கண்டறியும் முறை வகுக்கப்படவில்லை. அந்த இடைவெளியை மென்பொருள் எழுதியவர்கள் தத்தம் வழியில் நிரப்பினர். 1980களின் பெர்க்லி யுனிக்ஸில், தன் முகவரியையே மற்றொரு கணினி சொல்லக் கேட்டால், முகவரி இரட்டிப்பாகியுள்ளது என்ற அறிவிப்பையும் அதை அனுப்பிய ஈதர்நெட் எண்ணையும் முகப்புத் திரையில் அச்சிடும் வரி சேர்க்கப்பட்டிருந்தது. கணினி இயங்கத் தொடங்கும்போது தன் சொந்த முகவரி யாருடையது என்று தானே கேட்டுப் பார்க்கும் பழக்கமும் பரவியது. யாரும் பதில் சொல்லாவிட்டால் எண் காலியாக உள்ளது என்று பொருள். கேளாமலே தரும் அறிவிப்பு என்ற பொருளுடைய பெயரால் வழங்கிய இந்தப் பழக்கத்தை விண்டோஸ் கணினிகளும் பின்பற்றின.

கேட்டுவிட்டு அமர்ந்த வலையமைப்புகள்

இணைய நெறிமுறை இந்தச் சிக்கலோடு போராடிய அதே ஆண்டுகளில், வேறு இரண்டு வலையமைப்புகள் அதற்கு நேர்த்தியான தீர்வுகளைக் கொண்டிருந்தன. ஐபிஎம் நிறுவனம் 1985இல் அறிமுகப்படுத்திய டோக்கன் ரிங் முறையில் கணினிகள் வளையமாக இணைக்கப்பட்டிருந்தன. அனுப்பிய செய்தி ஒவ்வொரு கணினியையும் கடந்து, வளையத்தைச் சுற்றி அனுப்பியவரிடமே திரும்பும். புதிதாகச் சேரும் கணினி தன் சொந்த முகவரிக்கே ஒரு செய்தியை அனுப்பும். வழியில் அதே முகவரியுடைய வேறொரு கணினி இருந்தால், அது செய்தியின் வாலிலுள்ள ஒரு பிட்டை மாற்றி, இது எனக்குரியது என்று அடையாளமிடும். அடையாளத்தோடு செய்தி திரும்பினால், புதிய கணினி ஓசையின்றி வளையத்திலிருந்து விலகிக்கொள்ளும். ஏற்கெனவே இருப்பவருக்கு எந்த இடையூறும் நேராமல் வந்தவரே வெளியேறும் இந்த ஒழுங்கு, ஈதர்நெட் உலகில் நெடுங்காலம் இல்லாத ஒன்று.

அதே 1985இல் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட ஆப்பிள்டாக், ஒரு படி மேலே சென்றது. குர்ஷரன் சித்து தலைமையில் வகுக்கப்பட்ட அந்த முறையில், பயனாளர் எந்த எண்ணையும் அமைக்க வேண்டியதில்லை. கணினி தானே 8 பிட் எண் ஒன்றைத் தேர்ந்துகொண்டு, அதை யாரேனும் பயன்படுத்துகின்றனரா என்று பலமுறை கேட்கும். ஆம் என்ற பதில் வந்தால் வேறோர் எண்ணை எடுத்து மீண்டும் கேட்கும். பதில் வராதபோது அதையே தன் எண்ணாக்கிக்கொள்ளும். கடந்த முறை பயன்படுத்திய எண்ணை நினைவில் வைத்திருந்து அடுத்த முறை அதையே முதலில் முயலும் என்பதால் எண்கள் அடிக்கடி மாறுவதுமில்லை. பணியாளர் கணினிகளுக்கு 1 முதல் 127 வரையும், சர்வர்களுக்கு 128 முதல் 254 வரையும் எண்கள் பிரிக்கப்பட்டிருந்தன. பதிவேடும் பராமரிப்பாளரும் இல்லாத பள்ளியிலும் சிறு அலுவலகத்திலும் மேக்கின்டாஷ் கணினிகள் கம்பியைச் செருகியவுடன் பேசத் தொடங்கியதற்கு இந்த ஏற்பாடே காரணம்.

குறிப்பேட்டிலிருந்து குத்தகைக்கு

ஐபி முகவரிகளை வழங்கும் பணி, 1980களில் நிறுவனங்களின் கணினிப் பிரிவுகளிடமே இருந்தது. வெளியுலகப் பதிவேட்டிலிருந்து ஒரு தொகுதி எண்களைப் பெற்ற நிறுவனம், அவற்றை உள்ளே ஒவ்வொரு கணினிக்கும் கையால் பகிர்ந்தது. புதிய கணினிக்குக் காலியாக உள்ள அடுத்த எண்ணைக் குறிப்பேட்டில் பார்த்து எழுதுவதும், பழைய கணினி விலகும்போது அந்த வரியை அடிப்பதும் வழக்கம். குறிப்பேட்டில் எழுதப்பட்டதும் கேபிளில் உள்ளதும் காலப்போக்கில் விலகிச் செல்வது இயல்பு: விடுமுறையில் சென்றவரின் கணினி அணைந்திருப்பதைக் கண்டு அதன் எண் காலியென்று நினைப்பவரும், நண்பரின் கணினியிலுள்ள அமைப்பை எண்ணோடு சேர்த்து அப்படியே படியெடுப்பவரும் எந்த அலுவலகத்திலும் உண்டு.

இந்த வேலையை இயந்திரத்திடம் ஒப்படைக்கும் முதல் முயற்சிகள் வட்டு இல்லாத கணினிகளை இயக்கும் தேவையிலிருந்து பிறந்தன. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1984இல் எழுதப்பட்ட தலைகீழ் ஏஆர்பியும், பில் கிராஃப்ட், ஜான் கில்மோர் ஆகியோர் 1985இல் வகுத்த பூட்பி நெறிமுறையும், கணினி தன் 48 பிட் எண்ணைச் சொல்லித் தன் ஐபி முகவரி என்ன என்று சர்வரிடம் கேட்க வழி செய்தன. ஆயினும் எந்த எண்ணுக்கு எந்த முகவரி என்ற அட்டவணையை முன்கூட்டியே ஒருவர் தட்டச்சு செய்து வைக்க வேண்டியிருந்தது. குறிப்பேடு காகிதத்திலிருந்து கோப்புக்கு இடம்பெயர்ந்தது, அவ்வளவே.

உண்மையான மாற்றம் பக்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரால்ஃப் டிரோம்ஸ் பெயரில் 1993 அக்டோபரில் வெளியாகி, 1997 மார்ச்சில் இன்றைய வடிவத்தை அடைந்த டிஹெச்சிபி நெறிமுறையோடு வந்தது. தானாகப் புரவலரை அமைக்கும் நெறிமுறை என்று அதன் பெயரை விரிக்கலாம். முகவரியைச் சொந்தமாகத் தராமல் குத்தகைக்கு விடுவதே அதன் புதுமை. கணினி சர்வரைத் தேடி அழைக்கும். சர்வர் தன் கையிருப்பிலிருந்து ஓர் எண்ணை முன்வைக்கும். கணினி அதையே கேட்டு விண்ணப்பிக்கும். சர்வர் குறிப்பிட்ட காலத்துக்கு அதை உறுதிசெய்யும். காலம் முடியுமுன் புதுப்பிக்காத எண் மீண்டும் கையிருப்பில் சேரும்.

இந்த நெறிமுறையை வகுத்தவர்கள் பழைய வழக்கம் ஒரே நாளில் மறையாது என்பதை அறிந்திருந்தனர். சர்வர் ஓர் எண்ணை முன்வைக்குமுன் அந்த எண்ணுக்கு ஒரு சோதனைச் செய்தி அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்க்கலாம் என்றும், எண்ணைப் பெற்ற கணினி ஏஆர்பி மூலம் மறுபடி விசாரித்து, வேறொருவர் அதை வைத்திருந்தால் மறுப்புச் செய்தி அனுப்பி, குறைந்தது 10 விநாடி காத்திருந்து மீண்டும் தொடங்க வேண்டும் என்றும் அவர்கள் வகுத்தனர். பின்னாளில் இந்த இரட்டைக் காவலின் முதற்பகுதி பலவீனமடைந்தது. 2004இல் விண்டோஸ் எக்ஸ்பியின் இரண்டாம் மேம்பாட்டுத் தொகுப்போடு தடுப்புச்சுவர் இயல்பாகவே இயங்கத் தொடங்கிய பின், இயங்கிக்கொண்டிருக்கும் கணினியும் சோதனைச் செய்திக்குப் பதில் சொல்லாமல் இருக்கக்கூடும் என்பதால், பதில் இல்லாமையை எண் காலியாக இருப்பதற்கான சான்றாகக் கொள்ள முடியாமற்போயிற்று.

பத்தாம் எண்ணின் மறுவாழ்வு

முகவரிகள் தீர்ந்துபோகும் என்ற அச்சம் 1990களின் தொடக்கத்தில் வலுத்தது. அந்நிலையில் 1994 மார்ச்சில் வெளியான ஆர்எஃப்சி 1597, இணையத்தோடு நேரடியாகப் பேசத் தேவையற்ற உள் வலையமைப்புகள் அனுமதி கேட்காமலே பயன்படுத்திக்கொள்ள மூன்று எண் தொகுதிகளை ஒதுக்கியது. 10 என்று தொடங்கும் 1,67,77,216 எண்கள், 172.16 முதல் 172.31 வரையிலான 10,48,576 எண்கள், 192.168 என்று தொடங்கும் 65,536 எண்கள் ஆகியவை அந்தத் தொகுதிகள். அவற்றுள் முதலாவதான 10ஆம் எண், 1990இல் மூடப்பட்ட ஆர்ப்பாநெட்டுக்கு உரியதாக இருந்தது. போர்ட்டும் முகவரியும் ஒன்றாக இருந்து மோதலுக்கே இடந்தராத அந்த வலையமைப்பின் எண், எவரும் எங்கும் எடுத்தாளக்கூடிய பொது எண்ணாக மாறியது.

இதற்கு எதிர்ப்பும் எழுந்தது. அதே ஆண்டு ஜூலையில் எலியட் லியர் உள்ளிட்ட நால்வர் எழுதிய ஆர்எஃப்சி 1627, உலகளவில் ஒவ்வொரு முகவரியும் தனித்ததாக இருக்க வேண்டும் என்ற கொள்கையைக் கைவிடுவது ஆபத்து என்றும், ஒரே தனியார் எண்களைப் பயன்படுத்தும் இரு நிறுவனங்கள் நாளை இணையும்போது மோதல் தவிர்க்க முடியாததாகும் என்றும் எச்சரித்தது. விவாதத்தின் விளைவாக 1996 பிப்ரவரியில் வெளியான ஆர்எஃப்சி 1918, அதே மூன்று தொகுதிகளையும் தக்கவைத்துக்கொண்டே அவற்றின் குறைகளையும் விரிவாகப் பதிவுசெய்தது. அதன் ஆசிரியர்களுள் லியரும் ஒருவர் என்பது அந்தச் சமரசத்தின் அடையாளம்.

எச்சரிக்கை பொய்க்கவில்லை. ஒரே வெளி முகவரியின் பின்னால் பல கருவிகளை மறைத்து வைக்கும் முகவரி மாற்றும் நுட்பத்தோடு சேர்ந்து இந்த எண்கள் ஒவ்வொரு வீட்டுக்கும் வந்தன. பெரும்பாலான வீட்டு ரௌட்டர்கள் 192.168.0.1 அல்லது 192.168.1.1 என்ற எண்ணோடுதான் தொழிற்சாலையிலிருந்து வெளிவருகின்றன. இணைய நிறுவனம் தந்த ரௌட்டர் கூடத்தில் இருக்க, மாடியறையில் சமிக்ஞை போதவில்லை என்று கடையில் வாங்கிய மற்றொன்றை அதே வலையமைப்பில் இணைத்தால், இரண்டும் ஒரே எண்ணைத் தமதென்று கொள்ளக்கூடும். இரண்டும் ஒரே கையிருப்பிலிருந்து தனித்தனியாகக் குத்தகை வழங்கவும் கூடும். ஒன்று வழங்கிய எண்ணை மற்றொன்று அறியாது.

1982இன் குறை 2008இல் தீர்ந்த விதம்

ஆப்பிள்டாக்கின் எளிமையை ஐபி வலையமைப்புக்குக் கொண்டுவரும் பணி 1990களின் இறுதியில் தொடங்கியது. அதில் முன்னின்றவர் ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டூவர்ட் செஷயர். குத்தகை வழங்கும் சர்வர் இல்லாதபோது கணினி 169.254 என்று தொடங்கும் எண்களுள் ஒன்றைத் தானே தேர்ந்து, கேட்டுப் பார்த்து, வைத்துக்கொள்ளும் முறை 2005இல் தரமாகியது. அதன் தொடர்ச்சியாக 2008 ஜூலையில் அவர் எழுதிய ஆர்எஃப்சி 5227, எந்த வழியில் பெற்ற ஐபி முகவரியையும் பயன்படுத்துமுன் சோதிக்கும் முறையை வகுத்தது. பிளம்மரின் ஆவணத்தில் விடுபட்டிருந்த பகுதி 26 ஆண்டுகளுக்குப் பின் எழுதப்பட்டது.

பழைய பழக்கத்தில் ஒரு மறைமுகத் தீங்கு இருந்தது. தன் முகவரி யாருடையது என்று கேட்கும் கணினி, கேள்வியை அனுப்பியவர் என்ற இடத்திலும் அதே முகவரியை எழுதியதால், அதைக் கேட்ட மற்றக் கணினிகள் தம் அட்டவணையை உடனே திருத்திக்கொண்டன. எண் ஏற்கெனவே வேறொருவருடையதாக இருந்தால், விசாரணையே உரியவரின் இணைப்பைக் குலைத்துவிடும். புதிய முறையில் அனுப்பியவர் இடத்தில் 0.0.0.0 என்ற வெற்று எண் எழுதப்படுகிறது. ஓரிரு விநாடி இடைவெளியில் மூன்று முறை கேட்டும் பதில் இல்லையென்றால்தான் கணினி எண்ணைத் தனதென்று இருமுறை அறிவிக்கும். பின்னர் வேறொருவர் உரிமை கோரினால் விட்டுக்கொடுப்பது, ஒருமுறை மறுத்துப் பார்த்து 10 விநாடிக்குள் மீண்டும் கோரிக்கை வந்தால் விலகுவது, ரௌட்டரைப் போன்ற இன்றியமையாத கருவியாயின் விடாமல் தற்காப்பது என்ற மூன்று நடத்தைகள் வகுக்கப்பட்டன. 1985இன் டோக்கன் ரிங்கில் இருந்த ஒழுங்கு ஈதர்நெட்டுக்கும் ஒருவாறு வந்து சேர்ந்தது. ஐபியின் ஆறாம் பதிப்பை வகுத்தவர்கள் 1996இலேயே இத்தகைய சோதனையை முகவரி அமைப்பின் கட்டாயப் படியாக்கியிருந்தனர். அங்கே சோதனை முடியும்வரை எண் தற்காலிகமானதாகவே கருதப்படுகிறது.

மீண்டும் போர்ட்டை நோக்கி

இன்று மோதலைத் தீர்க்கும் பராமரிப்பாளர் செய்யும் வேலைகளின் வரிசையில் இந்த வரலாறு அடுக்கடுக்காகப் படிந்திருக்கிறது. சிக்கலுக்குரிய எண்ணோடு பேசும் கணினியில் ஏஆர்பி அட்டவணையைத் திறந்து, அதில் குறிக்கப்பட்டுள்ள 48 பிட் எண்ணை எழுதிக்கொள்வது முதல் படி. சந்தேகத்துக்குரிய கருவியின் கம்பியைக் கழற்றி, அட்டவணையை அழித்து, அதே எண்ணை மீண்டும் அழைத்துப் பார்ப்பது இரண்டாவது படி. கருவி விலகிய பின்னும் பதில் வந்தால் இரண்டாமவர் ஒருவர் இருப்பது உறுதி. அந்த இரண்டாமவரின் 48 பிட் எண்ணின் முற்பாதியைக் கொண்டு அது எந்த உற்பத்தியாளரின் கருவி என்று கணிப்பது, 1980இன் எண்ணமைப்பு விட்டுச்சென்ற வசதி. ஆனால் 2019 முதல் கைப்பேசிகள் தனியுரிமைக்காகத் தற்செயலான எண்களைப் புனைந்து கொள்ளத் தொடங்கியதால், இந்தத் தடயம் எல்லா வேளைகளிலும் உதவுவதில்லை. ஒரே மெய்நிகர் கணினியைப் பலவாகப் படியெடுப்பவர், அமைப்பைத் திருத்த மறந்தால், 48 பிட் எண்ணும் இரட்டிப்பாகிவிடும்.

நிலையான தீர்வு, அதிகாரங்களின் எல்லையைப் பிரிப்பதில் உள்ளது. கையால் எண் அமைக்கப்பட்ட பிரிண்டரும் கேமராவும் குத்தகைக் கையிருப்புக்கு வெளியே இருக்க வேண்டும், எடுத்துக்காட்டாக 192.168.1.100 முதல் 199 வரை குத்தகைக்கு விட்டு, கையால் அமைப்பவற்றை 2 முதல் 99 வரை வைத்துக்கொள்ளலாம். அதைவிடச் சிறந்தது, அந்தக் கருவிகளின் 48 பிட் எண்ணைச் சர்வரில் பதிந்து, எப்போதும் ஒரே எண்ணை அவற்றுக்கு ஒதுக்கித் தருவது. அப்போது வலையமைப்பில் எண் வழங்கும் கை ஒன்றே ஆகும். வீட்டின் இரண்டாவது ரௌட்டரில் குத்தகைப் பணியை அணைத்து, அதன் சொந்த எண்ணையும் மாற்றி அமைப்பதற்கும் இதுவே காரணம்.

இவை யாவற்றுக்கும் பின், அந்த இரண்டாமவர் கட்டடத்தில் எங்கே இருக்கிறார் என்ற கேள்வி மிஞ்சும். பொதுக் கேபிள் இருந்த காலத்தில் இதற்கு எளிய விடை இல்லை; ஒவ்வொரு மேசையாகச் சென்று பார்க்க வேண்டியிருந்தது. 1990இல் கல்பனா என்ற சிறு நிறுவனம் முதல் ஈதர்நெட் சுவிட்சை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது நிலைமை மாறத் தொடங்கியது. சுவிட்ச் என்பது ஒவ்வொரு கருவிக்கும் தனிப் போர்ட் தந்து, எந்த 48 பிட் எண் எந்தப் போர்ட்டில் உள்ளது என்பதை அட்டவணையாகப் பேணும் கருவி. பராமரிப்பாளர் அந்த அட்டவணையில் எண்ணைத் தேடினால் போர்ட் தெரியும். போர்ட்டிலிருந்து செல்லும் கம்பி அவரை உரிய மேசைக்கு அழைத்துச் செல்லும். பெரிய அலுவலகங்களின் சுவிட்சுகள் இன்னும் சென்று, குத்தகைச் செய்திகளைக் கவனித்து எந்தப் போர்ட்டுக்கு எந்த ஐபி முகவரி வழங்கப்பட்டது என்று குறித்துக்கொண்டு, அந்தப் போர்ட்டிலிருந்து வேறு முகவரி பேசினால் அதைத் தடுத்துவிடுகின்றன. முகவரி எந்தக் கம்பிக்கு உரியது என்று 1969இன் ஐஎம்பி கேட்காமலே அறிந்திருந்ததை, இன்றைய சுவிட்ச் கேட்டும் குறித்தும் அறிந்துகொள்கிறது.